தேறாத சாம்பிள்

செம்மேடு
2 பிப்ரவரி 2025

கலைச்செல்விக்கு,

சவுக்கியமான்னு கேக்கற நெலமையில நான் இல்ல. போன்லயே கேட்டிருப்பேன். ஆனா போன்ல கோவமாப் பேசினா மூணாவது வார்த்தையில இருமல் வந்துடுது. நீயும் உடனே "அண்ணா, தண்ணி குடிங்க"ன்னு பேச்சை மாத்திடுவ. எழுதறதுக்கு மூச்சு வேண்டியதில்ல. அதனால எழுதறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குச் சென்னை வந்தேன். உனக்குச் சொல்லல. அந்த ஆராய்ச்சியில இருந்து என்னை ஏன் கழட்டி விட்டாங்கன்னு நேருக்கு நேரா கேக்கணும்னு வந்தேன். நெஞ்சுல ஓட்டை போட்டுச் சதையை எடுத்தப்போ என்ன சொன்னாங்க? "உங்க நுரையீரல் நார் புடிச்சு இறுகிக்கிட்டே போகுது. இந்தத் துணுக்கை லேப்ல வளர்ப்போம். அதுமேல ரெண்டு புது மருந்தையும் போட்டுப் பார்ப்போம். எது ஒத்துக்குதோ அதையே உங்களுக்குக் குடுப்போம்"னாங்க. பொறவு ஒரு நாள் போன் பண்ணி, "சாம்பிள் தேறல, இனி நீங்க இதுல இல்ல"ன்னுட்டாங்க.

அங்க இருந்த சின்ன டாக்டர் பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுது: "எது வளர்ந்துச்சு, எது வளரலைன்னு இப்ப நாங்க யாரும் உக்காந்து பார்க்கறதில்லீங்க. கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்லிடும். அதைச் செஞ்சவங்க உங்க கொல்லிமலைக்காரங்கதான். கலைச்செல்வி மேடம். தெரியுமா உங்களுக்கு?"

தெரியும்னேன். எழுந்து வந்துட்டேன்.

அந்த ஆராய்ச்சியில சேரச் சொல்லி என்னைக் கூட்டிக்கிட்டுப் போனது நீ. தள்ளி விட்டதும் நீ. எம்பட நுரையீரலைக் குப்பையில போடச் சொன்னது உன்னோட கம்ப்யூட்டர்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுது. மாத்திரை சாப்பிட்டீங்களா, அண்ணி எப்படி இருக்காங்கன்னு நாலு பக்கம் எழுதாதே.

சென்றாயன்


சென்னை
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணா,

தெரியாது. நோயாளிகளின் பெயர் எங்கள் குழுவுக்கு வராது. வரக் கூடாது என்பது விதி. எண் மட்டும்தான் வரும். உங்கள் எண் எது என்று இந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஏதோ பொத்தானை அழுத்தி உங்களைக் குப்பையில் தள்ளியது போல எழுதியிருக்கிறீர்கள். நான் செய்த வேலை என்னவென்று சொல்கிறேன். நுரையீரல் துணுக்கிலிருந்து எடுத்த செல்களைக் கூழ் போன்ற ஒன்றுக்குள் வைத்து வளர்த்தால், கடுகை விடச் சிறிய உருண்டைகளாக வரும். ஆர்கனாய்டு என்பார்கள். நாங்கள் உருண்டை என்றுதான் சொல்வோம். சில கிளை விட்டு நன்றாக வளரும். சில கறுத்துச் செத்துவிடும். ஒரு நோயாளிக்கே ஆயிரக்கணக்கான படங்கள் வரும். மனிதக் கண் களைத்துவிடும். அதனால் பழைய படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, இது வளர்ந்தது, இது செத்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அது தானாகவே பழகிக்கொண்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரியாகச் சொல்கிறது. இரண்டு வருடம் உழைத்திருக்கிறேன். இதை நான் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்ல மாட்டேன்.

உங்கள் உருண்டைகள் வளரவில்லை. அது நடக்கக்கூடியதுதான். யார் தவறும் இல்லை.

இப்போது நான் கேட்கிறேன். சென்னை வரை வந்தவர் என்னைப் பார்க்காமல் போனது எதற்கு? டாக்டர் கொடுத்த பழைய மாத்திரையை வாந்தி வருகிறது என்று நீங்களாக நிறுத்திவிட்டீர்கள், அண்ணி சொல்லித்தான் தெரியும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிற மனிதர், சோளக்காடு சந்தையில் மிளகும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு, வண்டி ஓட்டி மலை இறங்குகிறீர்கள். வண்டி முதலாளி அர்த்தனாரி அண்ணனிடம் உங்கள் நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு முன்னால் இதற்குப் பதில் எழுதுங்கள்.

கலைச்செல்வி


செம்மேடு
17 பிப்ரவரி 2025

கலைச்செல்விக்கு,

பேப்பர்ல வர்ற தமிழ்ல எழுதியிருக்க. உன் அண்ணி பானுமதி படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "இது உங்க தங்கச்சி எழுதினதா, கலெக்டர் ஆபீஸ்ல இருந்து வந்ததா?"ன்னா.

யார் தப்பும் இல்லையாம். சரி. நூத்துக்குத் தொண்ணூத்தாறு சரியாச் சொல்லுதாம். மிச்சம் நாலு பேரு யாரு? அவுங்க ஊட்டுக்கு யாராச்சும் போய்ச் சொன்னீங்களா?

வண்டியப் பத்திக் கேட்டிருக்க. வண்டிய விட்டா நான் யாரு? ஊட்டுல குத்தவெச்சு இருமிக்கிட்டு இருக்கற ஆளு. செம்மேட்டுச் சந்தையில எல்லாரும் தள்ளி நின்னு பேசுவாங்க. ஒட்டுவாரொட்டி இல்லைன்னு ஒவ்வொருத்தனுக்கும் வெளக்கஞ் சொல்லச் சொல்றியா? அர்த்தனாரிக்குத் தெரிஞ்ச அன்னிக்கே சாவியப் புடுங்கிடுவான். அது என் பாடு. அதுல நீ தலையிடாதே.

எனக்கு ஒண்ணு வேணும். அந்தப் படத்தை அனுப்பு. ஆஸ்பத்திரிச் சீட்டுல எல்-31ன்னு போட்டிருக்கு. அதுதான் நானாமா. செத்துப்போச்சுன்னு சொன்னீங்கல்ல? ஒரு ஊட்டுல சாவு விழுந்தாக்கூட மொகத்தைப் பார்த்துட்டுத்தான் எடுக்கறோம். எம்பட சதை அது. யாருமே பார்க்காம எடுத்துப் போட்டிருக்கீங்க. நான் பார்க்கணும்.

விதி அப்பிடி, விதி இப்பிடின்னு பதில் எழுதினா இனி எழுதவே எழுதாதே.

சென்றாயன்


சென்னை
3 மார்ச் 2025

அண்ணா,

இதைத் தமிழ் பார்த்து எழுத எனக்குப் பொறுமை இல்ல.

உங்க எண்ணைப் போட்டுத் தேடினேன். பேர் தெரிஞ்ச நோயாளியோட படத்தை நான் திறக்கவே கூடாது. திறந்தேன். ரெண்டு படத்தை அச்சடிச்சு, முடிஞ்சுதுன்னு உங்களுக்கு அனுப்பிடலாம்னுதான் நினைச்சேன். முதல் படம் திறந்துச்சு. அடுத்தது. அதுக்கடுத்தது. எல்லாத்துலயும் கிளை விட்டிருக்கு அண்ணா. நல்லா, தெளிவா. செத்தது ஒண்ணு ரெண்டுதான். ஆனா ஒவ்வொண்ணுக்குக் கீழேயும் என் ப்ரோக்ராம் "செத்தது"ன்னு எழுதி வெச்சிருக்கு.

நாலு நாளாத் தூங்கல. காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டேன். எங்ககிட்ட ரெண்டு மைக்ரோஸ்கோப் இருக்கு. பழசுல எடுத்தா படம் கொஞ்சம் மஞ்சளா, ஓரமெல்லாம் இருட்டா வரும். புதுசுல வெள்ளையா வரும். ஆரம்பத்துல, உருண்டை வளர்க்கவே தெரியாம பாதிக்கு மேல சாகடிச்சிட்டிருந்த காலத்துல, பழசுலதான் எடுத்தோம். புதுசு வந்த சமயத்துல வளர்க்கவும் கத்துக்கிட்டோம். அதனால நான் கம்ப்யூட்டருக்குக் காட்டின படங்கள்ல செத்தது ஏறக்குறைய எல்லாமே மஞ்சள், வளர்ந்தது எல்லாமே வெள்ளை. அது உருண்டையைப் பார்க்கப் பழகவே இல்ல. மஞ்சளைப் பார்க்கத்தான் பழகியிருக்கு. சரியாச் சொல்லுதான்னு சோதிச்ச படங்களையும் அதே குவியல்ல இருந்துதான் எடுத்தோம். அந்தத் தொண்ணூத்தாறு அப்படி வந்ததுதான்.

உங்களோடதைப் படம் எடுத்த வாரம் புது மைக்ரோஸ்கோப் ரிப்பேர்.

உறுதிப்படுத்திக்க, நல்லா வளர்ந்த வேற ஒருத்தரோட வெள்ளைப் படத்தை மஞ்சளாக்கி, ஓரத்தை இருட்டாக்கிக் கொடுத்தேன். "செத்தது"ன்னுச்சு.

எங்க பேராசிரியர் மணிவண்ணன் சார்கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். அஞ்சு நிமிஷம் பார்த்தார். "அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிக்கலாம் கலை"ன்னார்.

"அடுத்த மாசம் இன்னொரு ஆஸ்பத்திரியில ஆரம்பிக்கறோம் சார். அடுத்த வெர்ஷன் வர்ற வரைக்கும் தப்பாத் தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கறதா?"

"யாராவது புகார் பண்ணாங்களா?"

"அவங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"அப்ப ஏன் கத்தறே?"

நான் கத்தினேனாம். மாடி பூராவும் கேட்டுச்சாம். கேக்கட்டும்.

எனக்கு உங்க கையெழுத்து வேணும். நெறிமுறைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. பாதிக்கப்பட்ட நோயாளியே எழுதினா அவங்க விசாரிச்சே ஆகணும். நான் எழுதினா எங்க குழுவுக்குள்ள நடக்கற சண்டைன்னு தள்ளிடுவாங்க. எல்-31 நான்தான், என் பேர் சென்றாயன்னு நீங்க எழுதணும். நாலு படம் வெச்சிருக்கேன். பாருங்க.

என்னை எப்படி வேணா திட்டுங்க. கையெழுத்துப் போட்டுட்டுத் திட்டுங்க.

கலை


செம்மேடு
10 மார்ச் 2025

கலைச்செல்விக்கு,

படம் வந்துச்சு. பளிங்கு மாதிரி உருண்டை, சுத்தியும் மொட்டு மொட்டா விட்டிருக்கு. நான் ரொம்ப நேரம் கையில வெச்சுக்கிட்டு இருந்தேன். பானுமதி வாங்கிப் பார்த்தா. உள்ள போயிட்டா. பொறவு அடுப்படியில இருந்து கத்தறா: "உசுரோட இருக்கறதைக் கொன்னு போட்டுட்டு போட்டோ வேற அனுப்பறாளா? மாட்டி வெச்சு மாலை போடவா?"

அவ சொன்னதை அப்பிடியே எழுதிட்டேன். எனக்கு அதைவிடப் பெருசாச் சொல்லத் தெரியல.

செத்துப்போச்சுன்னு சொன்னப்பக்கூட மனசு ஒரு பக்கம் அடங்கிடுச்சு, கலை. எம்பட ஒடம்பே சரியில்ல, லேப்ல மட்டும் எப்பிடி வளரும்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப அது வளர்ந்துச்சுன்னு சொல்றே. உள்ள இருக்கறதை விட அங்க நல்லா இருந்திருக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டீங்க. மஞ்சளா இருந்துச்சுன்னு.

கையெழுத்துக் கேக்கற. எடுக்கறப்ப கேட்டீங்களா, கம்ப்யூட்டர் பார்த்துத் தள்ளுபடி பண்ணும், மனுசன் யாரும் பார்க்க மாட்டாங்க, சம்மதமான்னு? இப்ப உன் தப்பைச் சரிபண்ண எம் பேரு வேணுமாக்கும். விசாரணைன்னு வந்தா ஆஸ்பத்திரியில இருந்து போன் வரும், ஆளு வரும். அர்த்தனாரிக்குத் தெரியும். சோளக்காடு பூராத் தெரியும். மாட்டேன்.

இனி அந்தப் பேச்சை எடுக்காதே.

சென்றாயன்


சென்னை
19 மார்ச் 2025

அண்ணா,

எடுப்பேன்.

நீங்க இல்லாம நானே குழுவுக்கு எழுதினேன். ரெண்டு வரியில பதில் வந்துச்சு. பாதிக்கப்பட்டவங்க யாரும் புகார் கொடுக்கல, துறைக்குள்ளயே பேசித் தீர்த்துக்கங்கன்னு. மறுநாள் காலையில என் கம்ப்யூட்டர்ல படங்களைத் திறக்க முடியல. அனுமதியை எடுத்துட்டாங்க. மணிவண்ணன் சார் என்னைப் பார்த்தா சுவரைப் பார்த்துக்கிட்டுப் போறார். இத்தனை நாளா என்னோட சாப்பிட்டவங்க இப்ப வேற மேசையில உக்காந்துக்கறாங்க. உருண்டை வளர்க்கற சசிகுமார் மட்டும்தான் பேசறான். அவனும் குரலைத் தாழ்த்திக்கிட்டு.

அனுமதி போறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துட்டேன். அந்த ரிப்பேர் வாரத்துல எடுத்தது உங்களோடது மட்டும் இல்ல. உங்களை மாதிரியே இன்னும் சிலபேரைத் தள்ளியிருக்கோம். அவங்களுக்கும் போன் பண்ணி "தேறல"ன்னு சொல்லியிருப்பாங்க. அவங்களும் அது விதின்னு உக்காந்திருப்பாங்க. எங்க இருக்காங்க, ஆணா பொண்ணா, ஒண்ணுமே எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்ச பேர் உங்க பேர் ஒண்ணுதான்.

உங்களுக்குச் சாவி பெருசு. சந்தையில நாலு பேர் தள்ளி நிப்பாங்கங்கறது பெருசு. அந்த வண்டியில உங்களுக்கு மூச்சு நின்னா எதுத்தாப்புல வர்ற பஸ்ஸுல இருக்கறவங்க என்ன ஆவாங்கன்னு ஒரு நாளாவது நினைச்சீங்களா? நான் பார்க்காம விட்டேன். சரி. நீங்க பார்த்துக்கிட்டே விடறீங்க.

எனக்கு அழுகை வரல. கோவம்தான் வருது. இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல.

கலை


செம்மேடு
2 ஏப்ரல் 2025

கலைக்கு,

உன் கடுதாசி வந்ததும் கிழிச்சுப் போட்டேன். பானுமதி பொறுக்கி ஒட்டி வெச்சிருக்கா, எதுக்கோ தெரியல.

போன வெள்ளிக்கெழமை காளப்பநாயக்கன்பட்டிக்கு லோடு எறக்கப் போயிக்கிட்டு இருந்தேன். பாதி மலையில, ஒரு கொண்டை ஊசி வளைவுல, மூச்சு உள்ள போச்சு, அதுக்கப்புறம் வெளிய வரல. கண்ணு ரெண்டும் இருட்டிக்கிட்டு வந்துச்சு. எப்பிடி பிரேக்கை மிதிச்சேன்னு தெரியல. முன் டயரு கைப்பிடிச் சுவருல முட்டி நின்னுது. பின்னால நாமக்கல் பஸ்ஸு. டிரைவர் ஆரன அடிச்சுப் பார்த்துட்டு, திட்டிக்கிட்டே எறங்கி வந்தாரு. என்னைப் பார்த்ததும் கிட்ட வந்து மோந்து பார்த்தாரு. "ஏனுங்க, குடிச்சிருக்கீங்களா?"ன்னாரு. ஆமான்னு சொல்லிடலாமான்னு தோணுச்சு. அது சுலுவு.

இல்லீங்க, எனக்கு நெஞ்சுல நோவுங்கன்னேன். மொத மொதலா வெளி ஆளுகிட்டச் சொன்னது.

அர்த்தனாரிக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். வந்தான். சாவியக் கையில குடுத்துச் சொன்னேன். எத்தனை நாளான்னான். ரெண்டு வருசமான்னேன். கதவை ஓங்கி அடிச்சான். "போன மாசம் எம்பொண்ணையும் அவ கொழந்தையையும் இதே வண்டியில ஏத்தி அனுப்பினேனேடா! அன்னிக்காச்சும் சொல்லியிருக்கலாமேடா!" அவ்வளவு பேரு நிக்கற ரோட்டுல கத்தினான். அவன் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஊட்டுக்கு வந்து நானே எழுதினேன், உன் குழுவுக்கு. செம்மேட்டுத் தபாலாபீசுல ரிஜிஸ்டர் பண்ணி அனுப்பிட்டேன். எல்-31 நான்தான்னு எழுதினேன். பேரு, ஊரு, நோவு எல்லாம் எழுதினேன். அந்த வாரம் எடுத்த எல்லார் ஊட்டுக்கும் சொல்லணும்னு எழுதினேன். நீ அனுப்பின நாலு படத்தையும் கூட வெச்சுட்டேன்.

கடைசியா என்ன எழுதினேன்னு உனக்கும் தெரியணும். "இதைச் செஞ்ச கலைச்செல்வி எனக்குக் கூடப் பொறந்தவ. அவளைக் காப்பாத்தறதுக்காக நான் இதை எழுதல. படத்தைப் பார்க்காம தள்ளினதுல அவளும் ஒருத்தி. அந்தப் பேராசிரியரோட சேர்த்து அவளையும் விசாரிங்க."

அப்பிடித்தான் எழுதினேன். மாத்தி எழுத மாட்டேன்.

சென்றாயன்


சென்னை
20 மே 2025

அண்ணா,

விசாரணை முடிஞ்சுது.

ப்ரோக்ராமை நிறுத்திட்டாங்க. புது ஆஸ்பத்திரிக்குப் போகாது. பழைய மைக்ரோஸ்கோப்ல எடுத்த எல்லாத்தையும் மனுசங்களே உக்காந்து பார்க்கணும், தப்பாத் தள்ளின ஒவ்வொருத்தருக்கும் சொல்லணும்னு உத்தரவு. மணிவண்ணன் சார் இந்த ப்ரோக்ராமைப் பத்தி வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையைத் திரும்பப் பெறணும். கையெழுத்துப் போடறப்போ என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் நல்லா எழுதறார்"ன்னார். நக்கலா, நெஜமான்னு தெரியல.

எனக்கு மூணு மாசம் வேலையில்ல, சம்பளமில்ல. ப்ரோக்ராம் தப்பானதுக்காக இல்ல. பேர் தெரிஞ்ச நோயாளியோட படத்தைத் திறந்ததுக்கும், அதை அச்சடிச்சு வெளியே அனுப்பினதுக்கும். எப்படித் தெரியும்னு கேட்டேன். நீங்க அனுப்பின நாலு படத்தையும் மேசைமேல வரிசையா வெச்சாங்க.

அந்தப் படத்தைச் சேர்க்காமலே எழுதியிருக்கலாமே அண்ணா! ஒரு போன் போட்டு என்னைக் கேட்டிருக்கலாமே! உங்க கடுதாசியை அந்த அறையில ஒரு அம்மா சத்தமாப் படிச்சாங்க. "அவளையும் விசாரிங்க"ங்கற எடத்துல நிறுத்திட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாங்க. வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்து உங்களை வாயில வந்ததெல்லாம் திட்டினேன். நம்ம ஊர்ப் பேச்சுலதான். காவல்காரர் எழுந்து வந்துட்டார்.

ஆனா ஒண்ணு. எழுதினது எல்லாம் உண்மை. நான் படிச்ச புகார்லயே அதுல மட்டும்தான் யாரையும் விட்டு வைக்கல.

இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல, சொல்லாம இருக்கவும் முடியல. சசிகுமார் உங்க செல்கள்ல கொஞ்சத்தை முதல்லயே உறைய வெச்சிருந்தானாம். ஒவ்வொரு சாம்பிள்லயும் அப்படி ஒரு குழாய் வைக்கறது அவங்க வழக்கம். குழு அதை எடுக்கச் சொல்லியிருக்கு. வளருமான்னு தெரியாது. ஆஸ்பத்திரியில இருந்து உங்ககிட்டச் சம்மதம் கேப்பாங்க. கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். நான் கொடுங்கன்னு சொல்ல மாட்டேன். அந்த உரிமை எனக்குப் போயிடுச்சு.

எனக்கு இன்னும் கோவம் தீரல.

கலை


செம்மேடு
21 ஜூலை 2025

கலைக்கு,

எனக்கும் தீரல. அதனால எழுதாம இருந்தேன்.

சம்மதம் குடுத்தேன். சும்மா குடுக்கல. மனுசன் பார்க்கணும், பார்த்தவங்க பேரை எனக்குச் சொல்லணும்னு எழுதி வாங்கிக்கிட்டுக் குடுத்தேன். சசிகுமாரே போன் போட்டான். உறைய வெச்சது வளர்ந்துடுச்சு, நான் என் கண்ணால பார்த்தேங்கன்னான். ரெண்டு மருந்துல ஒண்ணு அதுல வேலை செஞ்சுதாம். இந்த மாசம் சென்னை வந்து வாங்கிக்கிட்டு வந்தேன். உனக்குச் சொல்லாமத்தான் வந்தேன். இதுல வாந்தி இல்ல. இறுகினது எளகாது, இனி இறுகறது மெதுவாகும், அவ்வளவுதான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அந்தச் சின்ன டாக்டர் பொண்ணு இந்தத் தடவை சிரிக்கல. இன்னும் மூணு பேரைத் திரும்பக் கூப்பிட்டிருக்காங்களாம். ஒருத்தர் அதுக்குள்ள போயிட்டாராம். அவுரு ஊட்டுக்கு யாரு போய்ச் சொன்னாங்கன்னு கேட்டேன். தெரியாதுன்னுச்சு. அதைக் கேட்டு அங்கயே சத்தம் போட்டேன். போட முடிஞ்சுது.

படத்தைச் சேர்த்து அனுப்பினதுக்கு நான் வருத்தப்படல. அது எம்பட படம். உன்னை வேலையில இருந்து நிறுத்தினதுக்கு மட்டும் அவுங்க மேல ஆத்திரமா இருக்கு. தப்பாச் செஞ்சதுக்கு ஒண்ணுமில்லயாம், பார்த்துச் சொன்னதுக்குத் தண்டனையாம். அதுக்கும் ஒரு கடுதாசி போட்டிருக்கேன். ஆகறதைப் பார்க்கலாம்.

நான் இப்ப அர்த்தனாரியோட மிளகுக் கெடங்குல எடை போடறேன். அவன் என்கூட வேலையப் பத்தி மட்டுந்தான் பேசறான். பேசாட்டிப் போறான்.

அங்க வேலையில்லாம ரூமுல உக்காந்து என்ன பண்ற? அடுத்த வாரம் நம்ம மலையில நடக்கற ஓரி விழாவுக்கு பஸ்ஸெல்லாம் ரொம்பி வழியும், அதுக்கு முன்னாடியே பொறப்படு. பானுமதி சோறு போடுவா, பேச மாட்டா. நானும் ரெண்டு நாளைக்குப் பேச மாட்டேன். நீயும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திரு.

மூணாம் நாளு பேசிக்கலாம்.

சென்றாயன்